மன்னனுக்கும் வேந்தனுக்கும் நடுவில்

திருட்டுப்போன பொருள் தபாலில் திரும்பி வந்துவிட்டால் துப்பறிகிறவனுக்கு அங்கே என்ன வேலை? வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே? நான் அதைத்தான் சொன்னேன். அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மாப்ளே, போனது ஒண்ணு, வந்திருக்கிறது வேற ஒண்ணு. நல்லாப் பாரு" என்றார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் அலுவலக வாசலில் இருக்கும் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பலகையைத் துடைக்கிற துணி என்னிடம் இருக்கிறது. கேஸ் டைரி எழுதுவதும் நான்தான். பேனா ஒழுகும், விரல் நீலமாகும், 'அத்தான் கண்டுபிடித்தார்' என்று ஏழு வருஷமாக எழுதிவருகிறேன். 'நான் கண்டுபிடித்தேன்' என்று ஒரு வரி எழுத வாய்த்ததில்லை. வீட்டுக்குப் போனால் என் கூடப்பிறந்த அக்காவே அவருக்குத்தான் முதலில் காபி கொடுப்பாள். இதற்குப் பெயர் வயிற்றெரிச்சல் என்றால், ஆமாம், வயிற்றெரிச்சல்தான். எனக்கென்ன வெட்கம்?

நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஓர் அகராதி அலுவலகத்தின் இரண்டாம் மாடி. சுவர் முழுக்க நீளமான மர இழுப்பறைகள். அவற்றில் நாற்பதாயிரம் அட்டைகள். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருளோ அத்தனை அட்டை. முன்பக்கத்தில் சொல், அர்த்தம், அது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற சான்று. பின்பக்கத்தில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட வாதங்கள்.

திங்கட்கிழமை காலையில் 'அரசன்' இழுப்பறையைக் காணவில்லை. அரசன், மன்னன், வேந்தன், கோ, ராஜா, சக்கரவர்த்தி என்று ஆளுகிறவர்களுக்கு இருக்கும் சொற்கள் அத்தனையும், நூற்று நாற்பத்து மூன்று அட்டைகள், பெட்டியோடு போய்விட்டன. அந்த இடத்தில் ஒரு சிவப்புச் சீட்டு மட்டும் நின்றது. யார் எதை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்புச் சீட்டில் பெயரும் தேதியும் எழுதிச் செருகிவிட்டுப் போக வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. இந்தச் சீட்டில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

"வெளியாளுக்குச் சீட்டு வெக்கணும்னு தோணுமா? திருடும்போதுகூட விதியை மீற மனசு வராத ஒருத்தர், இந்த மாடியிலதான் இருக்கார்" என்று அன்றைக்கே அத்தான் சொல்லிவிட்டார். நானும் அதைத்தான் நினைத்தேன். சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

இன்று புதன்கிழமை. காலைத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. உள்ளே நூற்று நாற்பத்து மூன்று அட்டைகள் இருந்தன. ஆனால் எல்லாமே புது அட்டைகள். பழைய அட்டைகளில் இருந்ததை யாரோ அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். எழுத்து அடையாளம் தெரியாமல் இருக்க, அச்செழுத்து போல ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தார்கள்.

பொட்டலத்தைப் பிரித்தபோது நான்கு பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். தலைமை ஆசிரியர், "வந்திடுச்சு, வந்திடுச்சு" என்று குழந்தை போலக் கை தட்டினார். துணை ஆசிரியர்களில் ஒருவர் வேட்டைக்குப் போய் வந்தவர் போல ஒரு மீசை வைத்திருப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் மீசைதான். அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். இன்னொரு துணை ஆசிரியர் ஒரு பெண்மணி. பதினைந்து மாதமாக ராஜாக்களோடேயே குடித்தனம் நடத்தியதால் அவரை மகாராணி என்று கூப்பிடுவார்கள். அவர் ஓர் அட்டையை எடுத்தார், திருப்பினார், முகம் வாடிப்போனார்.

"பின்பக்கம் காலியா இருக்கே. பின்பக்கம் எங்கே?"

அதைத்தான் முதலில் கேட்டார். நான்காவது ஆள் அட்டைகளைப் பார்க்கவே இல்லை. மகாராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிழைதிருத்துநர், மகாராணியின் கணவர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவார் என்பதால் காற்புள்ளி என்று பெயர். "உனக்கு, வந்து," என்று ஆரம்பித்தார், நிறுத்தினார், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதை நான் கவனித்தேன். டைரியில் எழுதவில்லை. எனக்கென்று ஒன்றாவது இருக்கட்டுமே என்று வைத்துக்கொண்டேன்.

"சார், சொற்கள் கிடைச்சாச்சு. அகராதி தப்பிச்சுது. ஆனா மீசை தப்ப முடியாது" என்றார் தலைமை ஆசிரியர் எங்களைத் தனியே அழைத்து. "சாயங்காலம் நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. அவரை வேலையை விட்டு எடுக்கறதா முடிவு. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலயும், 'இந்தப் பெட்டியைத் தூக்கிக் கடல்ல போட்டாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு கத்தினார். இழுப்பறைச் சாவியும் அவர்கிட்டதான் இருந்தது."

"சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"மகாராணிகிட்ட ஒண்ணு. ஆனா தன் உழைப்பைத் தானே யாராவது திருடுவாங்களா?"

மணி பதினொன்று. மீசைக்கு இன்னும் ஐந்து மணி நேரம் வேலை இருந்தது.

நாங்கள் மீசையின் மேஜைக்குப் போனோம். அவர் மேஜையைக் காலி செய்யத் தொடங்கியிருந்தார். இருபது வருஷம் சேர்த்த பென்சில்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் அப்படிக் கத்தினீங்க?" என்று கேட்டேன்.

"தோத்துட்டேன், அதனால கத்தினேன்."

"யார்கிட்ட?"

எதிர் மேஜையைக் கண்ணால் காட்டினார். மகாராணி அங்கிருந்தே பதில் சொன்னார்.

"பதினஞ்சு மாசமா ஒரே சண்டை. அரசன், மன்னன், வேந்தன் எல்லாம் ஒண்ணுதான், ஒரே அர்த்தம் போட்டா போதும்னு இவர் சொன்னார். நான் இல்லைன்னேன்."

"எனக்கும் எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது" என்றேன்.

"அப்படியா? குறுநில மன்னர்னு சொல்றோமா?"

"சொல்றோம்."

"குறுநில வேந்தர்னு சொல்வீங்களா?"

நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"அதேதான். அரசன்கிறது பொதுச் சொல். ஆளறவன் யாரா இருந்தாலும் அரசன். மன்னன் சின்னவனாவும் இருக்கலாம், பெரியவனாவும் இருக்கலாம். மன்னுதல்னா நிலைச்சு நிக்கறது. ஆனா வேந்தன்னா முடி சூடினவன், அதுல சின்னவனுக்கு இடமே இல்ல. சக்கரவர்த்தின்னா இன்னும் மேல. அவனுக்குக் கீழ பல ராஜாக்கள் தலை வணங்கணும். கீழ ஆளே இல்லாம சும்மா சக்கரவர்த்தின்னு சொல்லிக்க முடியாது."

நான் அத்தானைப் பார்த்தேன். அவருக்குக் கீழே இருப்பது நான் ஒருத்தன். ஒரு மைத்துனனை வைத்துக்கொண்டு சக்கரவர்த்தி ஆகிவிட்டார் மனுஷன்.

"இவங்க இப்படித்தான் ஒவ்வொண்ணா அட்டையில எழுதுவாங்க" என்றார் மீசை. "நான் பின்னாடி மறுப்பு எழுதுவேன். 'கவிஞர்கள் ஓசைக்காக எதையும் எங்கயும் போடுவாங்க'ன்னு எழுதுவேன். அதுக்குக் கீழ இவங்க பதில். அதுக்குக் கீழ நான். வெள்ளிக்கிழமை ஒரு அட்டை வெச்சாங்க பாருங்க, அதோட நான் காலி. முடிசூடா மன்னன்!"

"புரியல."

"முடிசூடா மன்னன்னு ஊர்ல எல்லாரும் சொல்றோம். முடிசூடா வேந்தன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? முடியாது. வேந்தன்னாலே முடி உண்டு. முடியில்லாமலும் ஒருத்தன் மன்னனா இருக்கலாம். ஒரே போடு! பதினஞ்சு மாசம் நான் கட்டின கோட்டை பொலபொலன்னு போச்சு. எனக்கு ஏன் இது தோணலைன்னு அன்னிக்கு முழுக்க வயிறு எரிஞ்சுது. அதான் கத்தினேன். தூக்கிப் போடற எண்ணமெல்லாம் எனக்கில்ல சார். அந்தப் பின்பக்கங்களுக்காகத்தான் நான் காலையில ஆபீஸுக்கே வந்துட்டு இருந்தேன்."

இப்படிச் சொல்லிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டார். ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது. என்னோடு பதினைந்து மாதம் சண்டை போட யார் இருக்கிறார்கள்?

அத்தான் இதற்குள் பொட்டலத்து அட்டைகளோடு தலைமை ஆசிரியர் அறைக்குள் போய்விட்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே ஆசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கிய ஒரு கண்ணாடிச் சட்டத்தையே அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன?"

"மாதிரிப் பக்கம்" என்றார் தலைமை ஆசிரியர் பெருமையாக. "போன வருஷம் விளம்பரத்துக்காக ஒரே ஒரு பக்கம் அச்சடிச்சோம். வேந்தன்கிற சொல் வர்ற பக்கம். மகாராணியோட அட்டையை அப்படியே எடுத்துப் போட்டது. அழகா இருக்கில்ல?"

"அழகுதான். சான்று பக்கம் எண் என்ன போட்டிருக்கு?"

நான் எட்டிப் படித்தேன். "இருநூத்துப் பதினாலு."

அத்தான் கையிலிருந்த அட்டையை நீட்டினார். அதே சொல், அதே அர்த்தம், அதே புத்தகம். பக்கம் எண் மட்டும் இருநூற்று நாற்பத்தொன்று.

"ப்பூ" என்றேன். "அவசரத்துல நகல் எடுத்திருக்கான். எண்ணை மாத்திப் போட்டுட்டான். ஒரு தப்பைப் பிடிச்சுட்டு இவ்வளவு ஆட்டமா?"

"தப்பு எதுலன்னு பாக்கணும். புத்தகம் எங்க இருக்கு?"

புத்தகம் அதே மாடியில், கோடியில் இருந்த நூலகத்தில் இருந்தது. நூலகர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, வேற்று மனிதர்கள் தன் புத்தகத்தைத் தொடுவது பிடிக்காத முகத்தோடு, அதை எடுத்துவந்தார். முதுகு கழன்ற பழைய புத்தகம். குறுக்கும் நெடுக்குமாக நாடா போட்டுக் கட்டி, முடிச்சின்மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

"பைண்டிங் பிரிஞ்சிடுச்சு. பத்து மாசமா யாரும் திறக்கக் கூடாதுன்னு கட்டி வெச்சிருக்கேன். இது என் கையெழுத்து. யாரும் பிரிக்கல" என்றார்.

"இப்ப பிரிக்கலாமா?"

"தலைமை ஆசிரியர் சொன்னா பிரிக்கறேன்."

அவர் சொன்னார். இவர் பிரித்தார். அத்தான் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தைத் திறந்தார். அங்கே ஒரு தோட்டம், இரண்டு தோழிகள், நிறைய அழுகை. வேந்தன் என்று யாரும் இல்லை. இருநூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வேந்தன் அமர்ந்திருந்தான், முடியோடு.

தலைமை ஆசிரியர் தலைக்கு மேலே ஒரு வருஷமாகத் தொங்கியது ஒரு தப்பு. அந்தத் தப்பைத் திருடன் சரிசெய்து அனுப்பியிருக்கிறான்.

"இப்படி ஒரு திருடனை நான் பார்த்ததில்ல மாப்ளே. நகல் எடுக்கச் சொன்னா, திருத்திட்டான்" என்றார் அத்தான்.

மகாராணியைக் கூப்பிட்டுக் கேட்டோம். சட்டத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்து, காதுவரை சிவந்துபோனார். "ஐயோ, நான்தான் மாத்தி எழுதியிருக்கேன். என் அட்டையிலயும் இருநூத்துப் பதினாலுதான். நீங்க சொல்லித்தான் தெரியுது. மானம் போச்சு" என்றார். பொய் சொல்கிறவருக்கு அப்படிச் சிவக்காது.

"அப்ப இவங்களுக்குத் தெரியாது. மீசைக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்றார் தலைமை ஆசிரியர்.

இந்த இடத்தில் நான் முந்திக்கொண்டேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"மீசைக்குத் தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருப்பாரா சார்? பதினஞ்சு மாசமா சண்டை போடறவர். எதிராளி அட்டையில தப்புன்னா மேஜை மேல ஏறி நின்னு தம்பட்டம் அடிச்சிருப்பார். அவருக்குத் தெரியாது."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாராட்டினாரா என்று கேட்காதீர்கள். பார்த்தார், அவ்வளவுதான்.

"சரி. பத்து மாசமா புத்தகம் கட்டிக் கிடக்கு. அப்ப அதுக்கு முன்னாடியே இந்தத் தப்பு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லல. அம்மா, மாதிரிப் பக்கம் அச்சானதுக்கும் நீங்க புத்தகத்தைக் கட்டினதுக்கும் நடுவுல, இதை யார் வாங்கினாங்க?"

நூலகர் அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "ஒரே ஒருத்தர்தான் வாங்கியிருக்கார். கால் மணி நேரம். அச்சான வாரம் காய்ச்சல்ல லீவுல இருந்தார். வந்ததும் முதல் வேலையா இதைக் கேட்டார்" என்றவர் மகாராணியைச் சங்கடமாகப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்."

மகாராணி பக்கத்தில் இருந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அத்தான் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்ப்பது அபூர்வம். "ஆள் கிடைச்சாச்சு. ஆனா காரணம் கிடைக்கல. பொண்டாட்டி தப்பை ஒரு வருஷம் வெளிய விடாம மூடி வெச்ச மனுஷன், அவளோட உழைப்பை ஏன் திருடணும்? திருடினதை ஏன் உட்கார்ந்து நகல் எடுத்து அனுப்பணும்?"

"அத்தான், அவர் எதை அனுப்பினார்?"

"அட்டையை."

"முன்பக்கத்தை. பின்பக்கத்தை அனுப்பல. முன்பக்கம் அகராதியோடது, அதுல அவருக்குப் பகை இல்ல. பின்பக்கம்தான் அவருக்கு ஆகல. பதினஞ்சு மாசமா தன் பொண்டாட்டி இன்னொரு ஆளோட விழுந்து விழுந்து சண்டை போட்டிருக்கா. வீட்டுல ராத்திரி சாப்பாட்டுலகூட, 'இன்னிக்கு மீசை என்ன எழுதியிருக்கார் தெரியுமா'ன்னு சொல்லியிருப்பா. காலையில பொட்டலம் பிரிச்சப்ப, 'பின்பக்கம் எங்கே'ன்னு அவங்க கேட்டாங்களே, அப்ப இவர் முகத்தை நான் பார்த்தேன்."

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"ஏழு வருஷ அனுபவம்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, மேலே கேட்கவில்லை.

காற்புள்ளியின் அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, சிவப்பு மைப் பேனா, ஆள் உயரத்துக்கு அச்சுத்தாள் கட்டுகள். நாங்கள் போனபோது அவர் ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்தது.

அத்தான் மாதிரிப் பக்கச் சட்டத்தையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காற்புள்ளி இரண்டையும் பார்த்தார். தன் தொழிலில் ஊறியவர், ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

"இருநூத்துப் பதினாலுன்னு எழுத, எனக்கு, கை வரல" என்றார்.

"எங்க இருக்கு?"

எழுந்தார். கடைசிக் கட்டை நகர்த்தினார். சுத்தமான துண்டில் சுற்றி, நூலால் கட்டி, இழுப்பறை இருந்தது. ஓர் அட்டைகூட வரிசை மாறவில்லை.

வாசலில் நிழல் தெரிந்தது. மகாராணி நின்றுகொண்டிருந்தார். பின்னால் மீசை, அவருக்கும் பின்னால் தலைமை ஆசிரியர்.

"ஏங்க?" என்றார் மகாராணி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

காற்புள்ளி அன்று ஒரு வாக்கியத்தை முடித்தார். ஒன்றை அல்ல, பலவற்றை. பதினெட்டு வருஷமாக நிறுத்தி வைத்தது எல்லாம் ஒன்றாக வந்தது போலிருந்தது.

"வெள்ளிக்கிழமை கடைசி அட்டைகள் சரிபார்க்க வந்துச்சு. ஒண்ணுல முடிசூடா மன்னன்னு இருந்துச்சு. அது நான் சொன்னது. வியாழக்கிழமை ராத்திரி நான் சோத்துல கையை வெச்சுக்கிட்டு உன்கிட்ட சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லல, எழுந்து போயிட்டே. அடுத்த நாள் அது உன் கையெழுத்துல இருக்கு, என் பேர் இல்ல. அவர்கிட்ட காட்ட எடுத்துட்டுப் போயிட்டே. அப்புறம்தான் நான் ஆரம்பத்துல இருந்த அட்டைகளோட பின்பக்கத்தைப் பார்த்தேன். பத்துப் பன்னெண்டு பார்த்தேன். ஒண்ணுல அவருக்கு நீ எழுதியிருக்கே, 'உங்களை மாதிரிச் சண்டை போட ஒரு ஆள் கிடைக்கறது அதிர்ஷ்டம்'னு. அதுக்கு மேல என்னால திருப்ப முடியல. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தூங்கல. திங்கக்கிழமை விடியறப்பவே உன் பையிலேர்ந்து சாவியை எடுத்தேன். எரிக்கணும்னுதான் எடுத்தேன். எரிக்கவும் முடியல. உன் உழைப்பாச்சே, அதான் முன்பக்கத்தை மட்டும் எழுதி அனுப்பினேன்."

"அவர் வேலை போக இருந்தது, தெரியுமா?" என்று அத்தான் மீசையைக் காட்டிக் கேட்டார்.

"தெரியும். நாலு மணிக்குள்ள சொல்லிடணும்னுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனா," என்றவர் நிறுத்தினார். பழைய காற்புள்ளி திரும்பி வந்துவிட்டார்.

மகாராணி உள்ளே வந்தார். அத்தானிடமிருந்த சிவப்புச் சீட்டை வாங்கிக் கணவர் முன்னால் வைத்தார்.

"பேரை எழுதுங்க."

அவர் எழுதினார். தேதியும் போட்டார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"பதினெட்டு வருஷமா புத்தகம் திருத்தறீங்க. இந்த ஆபீஸ் விதி உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே மகாராணி இழுப்பறையின் கடைசியிலிருந்து ஓர் அட்டையை உருவினார். "அச்சுல வந்த சான்று முன்பக்கம். வாயால சொன்ன சான்று எந்தப் பக்கம்?"

காற்புள்ளி விழித்தார். அவரிடம் முன்பக்கம் மட்டும்தான் வேலைக்கு வரும். பதினெட்டு வருஷத்தில் பின்பக்கத்தை அவர் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. பார்த்த அந்தப் பத்துப் பன்னிரண்டோடு, பொறாமை அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"பின்னாடி எழுதுவோம். சொன்னவர் பேரோட" என்றார் மீசை மெதுவாக.

மகாராணி அட்டையைத் திருப்பி வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் தொழிலே அதுதானே. மீசையின் கோணல் கையெழுத்தில் முதல் வரி: 'ஒப்புக்கொள்கிறேன். தோற்றேன். இது உங்கள் மூளை இல்லை. யார் சொன்னது?' அதற்குக் கீழே மகாராணி: 'வாய்மொழிச் சான்று. சொன்னவர் என் கணவர், பிழைதிருத்துநர். இரவு உணவின்போது. முன்னுரையில் நன்றி சொல்ல வேண்டும், அதுவரை அவருக்குத் தெரியக் கூடாது.' அதற்கும் கீழே மறுபடி மீசை: 'உங்கள் வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டா என்னோடு பதினைந்து மாதம் பொழுது போக்கினீர்கள்?'

காற்புள்ளி படித்தார். மறுபடியும் படித்தார். பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தவர், அதை மூடிக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு தடவை சண்டை போட்டிருக்கலாமே" என்றார் மகாராணி. "எல்லாத்துக்கும் சரி, சரின்னு தலையாட்டினா நான் யார்கிட்டதான் போய்ச் சண்டை போடறது? ஒரு வருஷமா என் தப்பை மறைச்சு வெச்சிருக்கீங்களே, அதையாவது வந்து சொல்லித் திட்டியிருக்கலாம்."

மணி மூன்று. தலைமை ஆசிரியர் செருமினார். "குழுகிட்ட நான் யார் பேரைச் சொல்றது?"

எல்லாரும் மீசையைப் பார்த்தோம். வேலை போக இருந்தது அவருக்கு, கோபப்பட உரிமையும் அவருக்குத்தான். அவர் முதலில் கோபப்படத்தான் செய்தார். மூன்று நாளாக ஊர் தன்னைத் திருடன் என்று பார்த்ததைச் சொன்னார், வீட்டில் மகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை என்றார், மேஜையை ஒரு குத்துக் குத்தினார். காற்புள்ளி தலை நிமிரவில்லை. குத்திய கையைத் தடவிக்கொண்டே மீசை தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

"பேரெல்லாம் சீட்டுல இருக்கு. பேரு, தேதி போட்டு ஒருத்தர் பெட்டியை எடுத்திருக்கார், சரிபார்க்க. அதுவும் அவர் வேலைதான். சீட்டுல எழுத மறந்தார், இப்ப எழுதிட்டார்னு சொல்லுங்க" என்றார். "ஆனா ஒண்ணு. இனிமே பின்பக்கத்துல மூணாவது ஆளா இவரும் எழுதணும். என்னைத் தோற்கடிச்சவரோட ஒரு தடவைகூட நேரா மோதாமயே நான் பென்சிலை மூட்டை கட்டினேன் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

சொல்லிவிட்டுத் தன் பென்சில்களைத் திரும்ப அடுக்கப் போய்விட்டார்.

மகாராணி இழுப்பறையைத் தூக்கிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார். கல்யாணமானவர்கள் சொல்லும் 'பேசிக்கலாம்' என்பதற்கு எந்த அகராதியிலும் முழு அர்த்தம் போட்டதில்லை. காற்புள்ளி வெளிறிப்போனார். ஆனால் பயத்துக்கு நடுவே ஒரு சந்தோஷமும் அவர் முகத்தில் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் அவர் வீட்டில் முதல் சண்டை நடக்கப்போகிறது.

திரும்பி வரும் வழியில் அத்தான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான். ஒரு வார்த்தை? ஒரு தட்டு, முதுகில்? ஒன்றும் இல்லை. பேருந்தில் உட்கார்ந்து கேஸ் டைரியைத் திறந்தேன். பேனா ஒழுகியது. 'அத்தான் கண்டுபிடித்தார்' என்று எழுதி, அடித்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. ஏழு வருஷத்தில் நான் இந்த டைரியின் பின்பக்கத்தைப் புரட்டியதே இல்லையே?

புரட்டினேன். என்னைப் பற்றி ஒரு பாராட்டும் இல்லை. கடைசித் தாளில் அக்காவின் கையெழுத்தில் ஒரு சாமான் பட்டியல். சோப்பு, தீப்பெட்டி, குடைக்குக் கைப்பிடி. எல்லாவற்றுக்கும் கீழே அத்தானின் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தது: 'மாப்ளைக்கு ஒழுகாத பேனா. மறக்கக் கூடாது.'

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று மாலை முழுக்கப் பொறாமைப்பட எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை, கை ஒடிந்தவன் போல இருந்தது. நல்லவேளை, மறுநாள் காலை அக்கா அவருக்குத்தான் முதலில் காபி கொடுத்தாள்.